ஆறு பேருக்கான மாத்திரை

சிட்லபாக்கம்
3 ஆகஸ்ட் 2025

கர்த்தருக்குள் பிரியமான தங்கை கெசியாவுக்கு,

அண்ணன் தனசிங் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் பிள்ளை எபி கல்யாணத்திலிருந்து இதே கதைதான். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது பார், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

பறவைக் காய்ச்சல் செய்தியெல்லாம் படிக்கிறாயா? கோழியிலிருந்து மாட்டுக்கு, மாட்டிலிருந்து பூனைக்கு என்று வந்துவிட்டதாம். மனுஷனுக்கு மனுஷன் தாவ ஆரம்பித்தால் மறுபடியும் 2021 கொரோனா மாதிரிதான். அதற்கு வைரஸை அடக்கும் மாத்திரை ஒன்று இருக்கிறது. காய்ச்சல் வந்து இரண்டு நாளுக்குள் தொடங்க வேண்டும், ஐந்து நாள், காலையும் இரவும் ஒவ்வொன்று, ஆளுக்குப் பத்து. நம் சபை டாக்டர் ஆரோனிடம் போனேன். "சார், இதெல்லாம் முன்கூட்டியே வாங்கி வெக்கக்கூடாது சார்" என்று இழுத்தான். எட்டாம் வகுப்பில் அவனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் நான், விடுவேனா? ஆறு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். கிழக்குத் தாம்பரத்தில் நாலு கடை ஏறி இறங்கி அறுபது மாத்திரையும் வாங்கிவிட்டேன்.

எனக்கு, ஜோஸ்வினுக்கு, மாப்பிள்ளை ஃபிரெடிக்கு, பேத்தி எப்சிக்கு, உனக்கு, எபிக்கு. எல்லாம் என் பீரோவில் இருக்கட்டும். உன் வீட்டில் கொடுத்தால் பக்கத்து வீட்டுக்காரி தும்மினாள் என்று எடுத்து நீட்டிவிடுவாய்.

அப்போது உன் அண்ணி புஷ்பத்துக்காக ஊசி மருந்து வாங்க இரண்டு நாள் வெயிலில் வரிசையில் நின்றேனே, ஞாபகம் இருக்கும். டோக்கன் கைக்கு வந்தபோது ஜோஸ்வின் ஃபோன் பண்ணி, "வீட்டுக்கு வந்துடுங்கப்பா" என்றாள். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது.

அன்புள்ள அண்ணன்
தனசிங்

*

பொழிச்சலூர்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் வந்தது. நீங்கள் குறுக்கே பேசவிடாமல் எழுதினாலும் படிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். எபி எட்டிப் பார்த்து, "யார்கூடம்மா சண்ட?" என்றான்.

என்னையும் என் பிள்ளையையும் நினைத்து அலைந்திருக்கிறீர்கள். சந்தோஷம். அண்ணி போனபோது நீங்கள் நின்ற வெயிலை நான் மறக்கவில்லை.

ஆனால் அண்ணா, கணக்கு வாத்தியாருக்கு என் வீட்டில் எத்தனை தட்டு வைக்கிறோம் என்று தெரியாதா? மூன்று. சத்யப்ரியா இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை, சரி. அவள் சமைத்ததை நீங்கள் சாப்பிட்டதில்லை, அதுவும் சரி. எனக்கு சர்க்கரை ஏறித் தலைசுற்றி விழுந்தபோது ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடியவள் அவள்தான், உங்கள் சபையில் யாரும் இல்லை. இப்போது நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அவள் பெயர் எப்படி விட்டுப்போனது? மறந்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கள், நம்பிக்கொள்கிறேன்.

உங்கள் தங்கை
கெசியா

*

சிட்லபாக்கம்
17 ஆகஸ்ட் 2025

அன்புத் தங்கைக்கு,

பொய் எழுத எனக்கு வராது. மறக்கவில்லை. ஆரோன் பெயர்களைக் கேட்டபோது சபை ரிஜிஸ்டரில் நம் குடும்பப் பக்கத்தைத்தான் அவனிடம் காட்டினேன். கிறிஸ்மஸ் கேக் ஆனாலும், அன்பின் விருந்து ஆனாலும், கல்லறையில் இடம் ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தானே நமக்கு எல்லாம் கொடுக்கிறார்கள். அதில் ஆறு பேர். அந்தப் பெண் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அதனால் அதில் இல்லை. நான் யார் பெயரையும் அடித்துவிடவில்லை. எடுத்துக்கொள்ளட்டும், ஏழாவது பெயராக நானே எழுதுகிறேன்.

அவளுக்கும் அம்மா இருக்கிறாள், மாமன் இருக்கிறான், கடற்கரையில் ஒரு குப்பமே சொந்தம். அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா? எல்லோருக்கும் நான் பொறுப்பேற்க முடியாது. முழுகாமல் இருப்பது சந்தோஷமான செய்தி. ஜெபிக்கிறேன்.

அண்ணன்
தனசிங்

*

பொழிச்சலூர்
11 நவம்பர் 2025, காலை 7 மணி
(எபி கையில்)

அண்ணா,

நேற்று ராத்திரியிலிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டேன், எடுக்கவில்லை. அதனால் எழுதி அனுப்புகிறேன்.

சத்யாவுக்கு நேற்று சாயங்காலம் காய்ச்சல் நூற்று மூன்று. மூச்சு வாங்குகிறது. ஏழு மாதம். டாக்டர் பார்த்துவிட்டு, இந்த சீசனில் ஓடுகிற ஃப்ளூதான், கர்ப்பிணிக்கு ஆபத்து, இந்த மாத்திரையை உடனே ஆரம்பியுங்கள் என்று எழுதிக்கொடுத்தார். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற அதே மாத்திரை. பம்மலில் இல்லை, பல்லாவரத்தில் இல்லை, குரோம்பேட்டையில் இல்லை. "பயந்துட்டு மொத்தமா வாங்கினு போய்ட்டாங்கம்மா, ஸ்டாக் வர மூணு நாள் ஆவும்" என்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவளுக்கு என்று கேட்கவில்லை. என் பெயரில் வைத்திருக்கிற பத்தைக் கொடுங்கள். என் பங்கு, நான் யாருக்கு வேண்டுமானாலும் கொடுப்பேன். டாக்டர் சீட்டும் எபியிடம் இருக்கிறது.

உங்கள் காலில் விழுந்து கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கெசியா

*

சிட்லபாக்கம்
11 நவம்பர் 2025

அன்புத் தங்கைக்கு,

எபி வந்தான். அவசரப்படாதே. இது வருஷாவருஷம் மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல். இதற்கே எடுத்துவிட்டால் பெரியது வரும்போது நீ என்ன செய்வாய்? உனக்கு சர்க்கரை. உன் பத்தை இன்று கொடுத்துவிட்டு நாளைக்கு உனக்காக நான் எந்த வரிசையில் போய் நிற்பது? உன்னைக் காப்பாற்றத்தான் உன்னிடமே மறுக்கிறேன். இன்றைக்குப் புரியாது.

காய்ச்சல் மாத்திரையும் நிலவேம்புப் பொடியும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கர்ப்பிணிக்கு நிலவேம்பு கொடுக்கலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள். இன்று உபவாச ஜெபத்தில் அவள் பெயரைச் சொல்லி ஜெபிப்போம்.

அண்ணன்
தனசிங்

*

சிட்லபாக்கம்
29 நவம்பர் 2025

என் அன்புத் தங்கை கெசியாவுக்கு,

ஜோஸ்வின் நேற்றுதான் சொன்னாள். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று மற்றவர்களுக்கு எத்தனை வீட்டில் சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுத வரும்போது கை நிற்கிறது.

சத்யப்ரியா பிழைத்தாளே, அதுவரைக்கும் ஸ்தோத்திரம். ஆரோனிடம் சொல்லி அவள் பெயரிலும் சீட்டு வாங்கிவிட்டேன். கடையில் இப்போது ஸ்டாக் வந்துவிட்டது. பத்து மாத்திரை தனியாக வைத்திருக்கிறேன். இனி ஏழு பேர்.

அடுத்த வார ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் சபை ஐயரையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். ஒரு ஜெபம் செய்வோம். அண்ணன் மேல் கோபம் இருந்தால் திட்டிவிடு. பேசாமல் மட்டும் இருக்காதே.

அன்புள்ள அண்ணன்
தனசிங்

*

பொழிச்சலூர்
4 டிசம்பர் 2025

தனசிங் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். ஐயரையும் அலைக்கழிக்க வேண்டாம்.

நடந்ததைத் தெரிந்துகொள்ளுங்கள். எபி உங்கள் ஹாலில் அரைமணி நேரம் நின்றிருக்கிறான். பீரோ நாலடி தூரத்தில். "மாமா, எனக்குன்னு வெச்சதயாவது குடுங்க மாமா" என்று கேட்டிருக்கிறான். பொடியைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். அவன் திரும்பி வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். என் பிள்ளை அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

சத்யாவின் அம்மா அங்காளம்மா ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் மீன் விற்பவள். கூடையைப் பக்கத்துக் கடையில் போட்டுவிட்டு, எழுதப்படிக்கத் தெரியாதவள், சீட்டை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போயிருக்கிறாள். மீன் வாடைக்கு ஒருத்தன் "தள்ளி நின்னு பேசும்மா" என்றானாம். "நான் வேணா ரோட்ல நிக்கிறேன் சார், நீ மாத்தரய தேடிப் பாரு" என்றாளாம். மூன்றாம் நாள் மத்தியானம் கேளம்பாக்கத்தில் கிடைத்தது. அன்று ராத்திரி சத்யாவுக்கு மூச்சு முட்டி, எங்கெங்கோ அலைந்து ஒரு படுக்கை பிடித்தோம். விடிவதற்குள் பிரசவம். ஆண் பிள்ளை. ஒரு நாள் இருந்தான்.

முதல் நாளே கொடுத்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். நியாயமான மனுஷன். நீங்கள்தான் கொன்றீர்கள் என்று நானும் எழுத மாட்டேன், எனக்கும் பொய் வராது. ஆனால் அந்த "சொல்ல முடியாது" இருக்கிறதே, அது என்னைத் தின்கிறது. பத்து மாத்திரை கொடுத்திருந்தால் அது தெரிந்திருக்கும். பிள்ளை போயிருந்தாலும் அண்ணன் இருக்கிறான் என்று இருந்திருப்பேன்.

அண்ணி போன துக்கத்தில் நீங்கள் பயந்துபோனீர்கள். பயப்படுகிறவனைப் பார்த்தால் எனக்கு இரக்கம் வரும். அந்த பயத்திலும் யார் நம் ஆள், யார் வேற்றாள் என்று நிதானமாகப் பிரித்துப் பார்த்தீர்களே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

நம் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் குப்பத்திலேயே, கடலோரத்தில் வைத்தோம். சத்யா அப்போது ஐசியூவில் இருந்தாள், அவளுக்கு ஐந்து நாள் கழித்துத்தான் சொன்னோம். எபி கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு கீழே விடாமல் நின்றான். சத்யாவின் தாய்மாமன் கோபுதான் மெதுவாக வாங்கி இறக்கினார். பிறகு மண்வெட்டியை எடுத்தவர் எபியைக் காட்டி என் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு மாமன் நான் கீறேம்மா. பையனோட தாய்மாமன் வரணுமா? இன்னா நேரமானாலும் பரவால்ல, காத்துகினு இருப்போம்" என்றார். வெயிலில் இருபது பேர் எனக்காக நின்றார்கள்.

அவனுக்கு அப்படி யாரும் இல்லை, மூடிவிடுங்கள் என்று சொன்னேன்.

கெசியா