இரண்டு கோடை காய வேண்டிய விறகு

அன்புள்ள தம்பிக்கு,

1. இதை எழுதுபவன் உன் அண்ணன்; இருபத்தாறு ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் செய்தவன்; அப்பாவுடன் ஒரே கூரையின் கீழ் வசிப்பவன்.

2. இங்கு அனைவரும் நலம் என்று எழுத இயலாத நிலை. காரணம் கீழே வருகிறது.

நான் அப்பாவை விறகு வெட்ட வைத்து வேடிக்கை பார்ப்பதாக நீ அத்தைக்கு எழுதிய கடிதத்தை, கண் தெரியவில்லை என்று அத்தை என்னிடமே தந்து படிக்கச் சொன்னார். என்மீதான குற்றச்சாட்டை நானே உரக்க வாசித்தேன். பதினைந்து நாளில் அப்பாவை அனுப்பாவிட்டால் ஆள் அனுப்பி அழைத்துக்கொள்வாயாம். அப்பா என்ன, ரசீது காட்டி எடுத்துப்போகும் சரக்கா?

இங்குள்ள குளிருக்கு நீ வாங்கி அனுப்பிய கணப்பு உலை, குறைந்த விறகில் வீடு முழுவதையும் சூடாக்குகிறது, மறுக்கவில்லை. ஆனால் நன்கு காய்ந்த விறகுதான் அதற்கு ஆகும். அதை அறியாமல் சென்ற குளிர்காலத்தில் ஈரக் கட்டைகளை வாய்வரை திணித்துக் கதவைச் சாத்தியவன் நான். வீடெல்லாம் புகை. அந்தப் பிழையை ஒப்புக்கொள்கிறேன். அப்பா சன்னலைத் திறந்துகொண்டே சொன்னார்: "சட்டம் படிச்சவனே, கட்டைய ஒண்ணோட ஒண்ணு தட்டிப் பாத்தியா? காஞ்சது கணீர்னு பேசும். நீ போட்டது உன் கட்சிக்காரன் மாதிரி வாயே தெறக்கல."

அன்று கோடரியைத் தாமே எடுத்தார். நான் ஒளித்து வைத்தேன். அடுத்த வீட்டுத் தச்சரிடம் இரவல் வாங்கினார். கூலிக்கு ஆள் வைத்தேன்; அவனுக்குப் பிளக்கத் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார். உலையில் கட்டை அடுக்கவும் என்னை அண்டவிடுவதில்லை. நடுவில் காற்றுக்கு வழி விட்டு அவர்தான் அடுக்குகிறார்.

இனி, நீ அறியாதது. அப்பாவின் இதயம் ஆறு மாதம் தாங்கினால் பெரிது என்று மருத்துவர் சென்ற வாரம் சொன்னார். பிடித்த வேலையைத் தடுக்க வேண்டாம் என்றும் சொன்னார். அப்பாவும் அருகில் அமர்ந்து கேட்டார். வீடு திரும்பியதும் பச்சை மரத்தைப் பிளக்கத் தொடங்கினார். அது காய இரண்டு கோடை ஆகும். யாருக்கு என்று கேட்டேன்.

"சின்னவன் வருவான்ல. அவனுக்குக் குளிர் ஆகாது."

ஆள் அனுப்பாதே, தம்பி. நீ வா. என் கோபம் தீர்ந்ததாகக் கொள்ளாதே. அதை நீ வந்தபின் பேசித் தீர்க்கலாம். இதற்கு மட்டும் வாய்தா கேட்காதே.

இங்ஙனம்,
உன் அண்ணன் (ஒப்பம்)

சாட்சிகள்:
1. அடுத்த வீட்டுத் தச்சர்
2. அத்தை

குறிப்பு: அப்பா சாட்சிக் கையொப்பமிட மறுத்துவிட்டார். நீ வந்தால் தாமே சொல்லிக்கொள்வதாகச் சொன்னார்.