இங்கே எல்லாம் ஓட ஆரம்பித்துவிட்டது

என் மகளுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் சொன்னபடி கேட்பதில்லை, மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன்.

வெள்ளத்தில் முழுகிய உங்கள் கம்பெனி டேட்டா சென்டர், நம் தெருக்கோடியில் இருக்கிறதே, அது முந்தாநாள் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. தண்ணீர் வடிந்த அன்று நீ சொன்னதை நான் ஒரு எழுத்துக்கூட மறக்கவில்லை. "அங்க முழுகினதால எல்லா வேலையும் இந்த ஊர் சென்டருக்கு வந்து என் தலையில விழுந்துடுச்சும்மா, ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் இப்ப இதை நம்பித்தான் ஓடுது, அங்க சரியானதும் அடுத்த வண்டி ஏறிடுவேன்" என்றாய். அன்றிலிருந்து தினமும் அந்த வாசலில் போய் நின்றேன். சேறு அப்பிய மிஷின்களை பீரோ பீரோவாக வெளியே தள்ளினார்கள், ஒயர்களை வெட்டி மலையாகக் குவித்தார்கள், ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் எல்லாம் கருகிவிடும் என்று ராட்சச ஃபேன்களை வைத்துச் சுவரைக் காயவைத்தார்கள். கட்டடம் கட்டும்போது ஜெனரேட்டரை மொட்டை மாடியில் வைத்தவர்கள் அதற்கு டீசல் ஏற்றும் பம்ப்பைத் தரைக்கு அடியில் வைத்திருந்தார்களாம், முதலில் முழுகியதே அதுதானாம். வயிற்றை மாடியில் வைத்துவிட்டு வாயைப் பள்ளத்தில் வைத்தீர்களா என்று கேட்டேன், மஞ்சள் தொப்பி போட்ட மேஸ்திரி சிரித்துவிட்டார். அவர் ஆட்கள் குடிதண்ணீர் பிடிக்க நம் வீட்டுக்குத்தான் வருவார்கள், பேச்சுத்துணைக்குக் குறைவில்லை. பக்கத்து மாடி வீட்டு உன் சித்தியும் வந்தாள். கட்டில் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றபோது மாடிக்கு வா அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிடாதவள், உன் மகள் எப்போ வர்றா என்று விசாரிக்கிறாள். இதோ வரப்போகிறாள் என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். உன் அறைச் சுவரில் இருந்த சேற்றுக் கறையை நானே தேய்த்துக் கழுவி, பேத்திக்கு ஜன்னல் ஓரமாகப் படுக்கை போட்டு வைத்தேன்.

முந்தாநாள் உள்ளே எல்லோரும் கைதட்டிய சத்தம் தெருவரைக்கும் கேட்டது. மேஸ்திரி சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். வேலையெல்லாம் இங்கே திரும்பிவிட்டதே, என் மகளை எப்போது அனுப்புவார்கள் என்று கேட்டேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார். "அவங்களை யாரும்மா பிடிச்சு வச்சிருக்கா? அங்கயே இருந்துடறேன்னு அவங்களேதான் கேட்டு வாங்கிக்கிட்டாங்களாம், மழைக்கு முன்னாடியே, உள்ள ஆபீஸ்ல சொன்னாங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். தெரியும், சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்த ஆட்களும் போய்விட்டார்கள். பானையில் தண்ணீர் பிடித்தது பிடித்தபடி இருக்கிறது.

மழைக்கு முன்னாடியே என்றால், அந்தக் கட்டடம் முழுகியது உனக்கு நல்ல சாக்காகப் போயிற்று. நீ அங்கே இருப்பதில் எனக்குக் கோபமில்லை, பிழைப்பு எங்கேயோ அங்கேதான் இருக்க வேண்டும். யாரோ ஒரு மேஸ்திரி வாயால் எனக்குத் தெரியவைத்தாய் பார், அதை நான் மறக்க மாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

பேத்தியைத் தலை ஈரத்தோடு படுக்கவிடாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள், மனசாரத்தான் சொல்கிறேன். இதற்குப் பதில் எழுதாதே, போனும் பண்ணாதே. இனிமேல் வரமாட்டேன் என்பதை என் எதிரில் உட்கார்ந்து நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொல்லவாவது ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்