பெரட்டுக்களத்துக் கடிகாரம் ஓடாத மூன்று நாட்கள்

இன்று காலை என் மகள் மடிக்கணினியின் முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுடைய கம்பெனியின் சர்வர்கள் அத்தனையும் ஒரே நேரத்தைக் காட்ட வேண்டுமாம். அதைப் பார்த்துக்கொள்ளும் சேவை எவ்வளவு தட்டினாலும் துவங்க மறுக்கிறதாம். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனவள் கடைசியில், “அப்பா, இது தானா நிக்கலை. யாரோ வேணும்னே நிறுத்தி வச்சிருக்காங்க” என்றாள்.

கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டேன். எழுபதுகளில் ஒரு மழை மாதத்தில் இதே வார்த்தையை நீ என்னிடம் சொன்னாய். அன்று நான் பதில் சொல்லவில்லை. நீ இறந்துபோய் நாற்பது நாள் ஆகிறது. இப்போதாவது எழுதுகிறேன்.

நீ எங்கள் தேயிலை எஸ்டேட்டுக்கு எலெக்ட்ரீஷியனாக வந்து ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நான் ஆபீசில் டைம் கீப்பர், ஆட்கள் வந்துபோகும் நேரத்தைப் பதிவேட்டில் எழுதுபவன். இருவருக்கும் ஒரே வயது, அடுத்தடுத்த வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சூரியநெல்லிக் கடைத்தெருவுக்குச் சேர்ந்தே போவோம். நீ என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவாய்.

ஆபீசில் ஒரு பெரிய ஊசல் கடிகாரம் இருந்தது. அதிலிருந்து கம்பி வழியாக அரை நிமிடத்துக்கு ஒரு முறை மின்சாரத் துடிப்பு போகும். அந்தத் துடிப்புக்குத்தான் ஃபேக்டரியிலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் போடும் பெரட்டுக்களத்திலும் இருந்த கடிகாரங்கள் முள்ளை நகர்த்தும். பெரட்டுக்களத்து முள் ஏழரையைத் தொட்டதும் சங்கு ஊதும். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குப் பேர் கிடையாது, அன்றைய வேலையும் கிடையாது. மழையில் நனைந்தபடி லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவை அந்த மாதத்தில் மட்டும் நான்கு நாள் திருப்பி அனுப்பினார்கள். மேல் லயத்திலிருந்து கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவிடம் விட்டுவிட்டு, கூடையோடு ஓடி வருவாள். வெரசாத்தான் கிளம்பினேன் என்பாள். யாரும் நம்பவில்லை. சோம்பேறி என்றார்கள். அவள் புருஷன் அதற்கும் ஒரு படி மேலே போய், வழியில் யாரோடு நின்று பேசுகிறாய் என்று கேட்டு வீட்டில் பேச்சையே நிறுத்திவிட்டான். ஒருத்தியின் காலையும் மானத்தையும் ஒரு கடிகாரத்தை வைத்துப் பொய்யாக்கினார்கள்.

ஒருநாள் மத்தியானம் பெரட்டுக்களத்துக் கடிகாரம் நின்றது. உன்னைக் கூப்பிட்டார்கள். முதல் நாள் பேட்டரிகளைக் கழற்றி ஆசிட்டைப் பார்த்தாய், குறையில்லை. இரண்டாம் நாள் மழைக்கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு கம்பம் கம்பமாகக் கம்பியைத் தொட்டுக்கொண்டே நடந்தாய். அட்டைக்கடியில் உன் கால் முழுக்க ரத்தம். கம்பியிலும் குறையில்லை. மூன்றாம் நாள் கடிகாரத்தையே இறக்கி, நேராக பேட்டரியில் கொடுத்துப் பார்த்தாய். முள் ஒழுங்காக நகர்ந்தது.

“மூணும் நல்லாருக்கு. ஆனா சேத்து வச்சா ஓட மாட்டேங்குது. நடுவுல எவனோ ஒருத்தன் இருக்கான் மாப்ள” என்றாய்.

கம்பியைத் திரும்பவும் பின்தொடர்ந்து ஆபீசுக்கு வந்து, என் மேஜைக்குப் பின்னாலிருந்த பூட்டிய மரப்பெட்டியின் முன் நின்றாய். சாவி கேட்டாய். ஃபேக்டரி ஆபீசரிடம் இருக்கிறது என்றேன். அது பாதி உண்மை. இன்னொரு சாவி என் மேஜை இழுப்பறையில் இருந்தது. நீ சாவிக்குக் காத்திருக்காமல் கீலைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாய்.

உள்ளே ஒரு சுவிட்சும் ஒரு பித்தளைப் பொத்தானும். பொத்தானை ஒரு தரம் அமுக்கினால் பெரட்டுக்களத்து முள் அரை நிமிடம் முன்னே போகும். சுவிட்சைத் திருப்பினால் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். காலையில் அமுக்கி அமுக்கி முன்னே தள்ளி, மத்தியானம் சுவிட்சைத் திருப்பி நிறுத்திவைத்து, வேலை விடும் சங்கைப் பிந்த வைத்திருக்கிறார்கள். தினம் தினம் திருப்பியதில் சுவிட்சின் உள்ளே ஸ்பிரிங் ஒடிந்து, நிறுத்திய நிலையிலேயே சிக்கிவிட்டது. அதனால்தான் கடிகாரம் துவங்கவில்லை.

நீ பொத்தானைக் காட்டினாய். ஆணிகூடத் துருப்பிடிக்கும் அந்த மழையில் அது மட்டும் பளபளவென்று இருந்தது.

“இது தானா நிக்கலை மாப்ள. வேணும்னே நிறுத்தி வச்சிருக்கானுவ. தெனமும் வெரல் பட்ட எடம் இது. யாரு வெரலு?”

நான் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபேக்டரி ஆபீசர் வந்தார். புது சுவிட்ச் வாங்கித் தருகிறேன், மாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு போ என்றார். நீ அவர் கண்ணெதிரிலேயே சுவிட்சையும் பொத்தானையும் பிடுங்கிப்போட்டுவிட்டுக் கம்பியை நேராக முறுக்கி இணைத்தாய். மறுநாள் காலை உன் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு பெரட்டுக்களத்துக்கு வந்தாய். செய்திக்கு முன்னால் வரும் நேர ஒலியை எல்லோரும் கேட்கும்படி வைத்து, கடிகாரத்தைக் காட்டி, இதுவரை நடந்ததைச் சொன்னாய். பேச்சியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, தன் புருஷன் நின்ற பக்கம் திரும்பி அவனையே பார்த்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலமே உனக்கு மெமோ. கம்பெனிச் சாமானை உடைத்தாய், தொழிலாளிகளைத் தூண்டிவிட்டாய் என்று. விசாரணையில் நான் சாட்சி. அந்தப் பெட்டியை யாராவது திறந்ததைப் பார்த்திருக்கிறாயா என்று எஸ்டேட் மேனேஜரான துரை கேட்டார். இல்லை என்றேன். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பாவம் என்பதுபோலப் பார்த்தாய்.

உன்னை வேலையை விட்டு அனுப்பியதும் பெண்கள் இரண்டு நாள் கொழுந்து பறிக்க மலை ஏறவில்லை. பெரட்டுக்களத்தில் ரேடியோ வைத்து, தினமும் எல்லோர் முன்னாலும் கடிகாரத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றார்கள். உன்னைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். ரேடியோ வந்தது. நீ வரவில்லை. நீயாகவே வேலையை விட்டுப்போனதாகப் பதிவேட்டில் எழுதச் சொன்னார்கள். எழுதியது என் கை.

சித்திரபுரத்தில் வீடுகளுக்கு ஒயரிங் செய்து பிழைத்தாய். பல வருஷம் கழித்து உன்னைத் தேடி வந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள், “அன்னிக்கு நீ பேசிருந்தா ரெண்டு பேரும் தெருவுல நின்னுருப்போம். விடு மாப்ள” என்று சொல்லிப் பாலில்லாத கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தாய். எனக்கு உன் மேலேயே ஆத்திரமாக வந்தது. என்ன தப்பு செய்தேன் என்று கேட்காமலே மன்னிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? நீ மன்னித்தது, பயந்துபோய்ப் பேசாமல் இருந்த ஒருவனை. நான் அவன் இல்லை.

ஃபேக்டரி ஆபீசர் லீவில் போன நாட்களில் அந்தப் பெட்டியைத் திறந்தது நான். பொத்தானை அமுக்கியது என் விரல். இதை உன் முன்னால் சொல்லாமலேயே சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

உன் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்த பழைய ஆபீஸ்காரர் ஒருவர், அந்தக் காலத்துத் துரைமார் தங்கமானவர்கள், தொழிலாளிக்கென்று ரேடியோவே வாங்கி வைத்தார்கள் என்று பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். உன் வீட்டில் உட்கார்ந்து, உன் இலையில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அப்போதும் நான் எழுந்து பேசவில்லை. ஆனால் வீட்டுக்குப் போகவும் முடியவில்லை. சூரியநெல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகப் பேச்சியம்மாவின் வீட்டுக்குப் போனேன்.

மகன் கட்டிய வீட்டில் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன். என் விரலையும் சேர்த்து. முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

“என்னைத் திருப்பி விட்ட நாலு நாள்ல எது எது நீங்க அமுக்குனது?”

ஞாபகம் இல்லை என்றேன். அதுதான் உண்மை.

“எனக்கு நாலும் ஞாபகம் இருக்கு” என்றாள். “மூணாவது நாளு புள்ளைக்குக் காச்சலு. அதையும் விட்டுட்டுத்தான் ஓடியாந்தேன். அது நீங்களான்னு யோசிச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பேசுவோம்.”

உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் தரவில்லை. நீ தந்த மன்னிப்பை இத்தனை வருஷமும் எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்தேன். இந்தக் கேள்வியை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும். தினமும் காலை ஏழரைக்கு அந்த மூன்றாவது நாளை ஞாபகத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் முதலில் அவளிடம் போய்ச் சொல்வேன்.