வெள்ளை ஐஸ்

கோபன்ஹேகன்
20.11.1991

அன்புள்ள ஞானம்,

உமக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். வேலை கிடைத்துவிட்டது. சிரிக்கக் கூடாது: ஐஸ் வெட்டுகிற வேலை. யாழ்ப்பாணத்தில் ஐஸ் பக்டரியில் பதினொரு வருடம் அறுக்கிற வாள் பிடித்தவன் என்றேன், எடுத்துவிட்டார்கள்.

ஆனால் இது மீனுக்குப் போடுகிற ஐஸ் இல்லை. கிறீன்லாந்தில் ஒவ்வொரு வருடமும் பெய்த பனி, முந்தின வருடத்துப் பனியை அமுக்கி அமுக்கிக் கல்லாகிக் கிடக்கிறது. குழாய்க்கிணறு அடிப்பதுபோல அதைத் துளைத்து, உருளை உருளையாக எடுத்து இங்கே அனுப்புகிறார்கள். ஆழம் போகப் போகப் பழைய வருடம். அந்தக் காலம் சூடோ குளிரோ என்று அதில் கண்டுபிடிக்கிறார்கள்.

முதல் நாளே வெட்கக்கேடு. பக்டரியில் கனிசியஸ் அண்ணை எங்களுக்கு என்ன படிப்பித்தவர்? கண்ணாடிபோல இருப்பதுதான் நல்ல ஐஸ். குமிழி விழுந்த வெள்ளை ஐஸ் கெதியாய்க் கரைந்துபோகும், செதுக்கி எறி. நான் அந்தக் கெட்டித்தனத்தை இங்கேயும் காட்டினேன். வெள்ளைப் பக்கம் முழுவதையும் அழகாகச் செதுக்கி வாளியில் போட்டுவைத்தேன். ஆராய்ச்சிக்குப் பெரியவர் வந்து வாளியைப் பார்த்ததும் நிலத்திலேயே குந்திவிட்டார். அந்தக் குமிழிகளுக்குள்தான் அந்தக் காலத்துக் காற்று அடைபட்டிருக்கிறதாம். அதுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

பிறகு, எறிந்த துண்டு ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டு, காதை வைத்துக் கேள் என்றார். சடசடவென்று வெடிக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முந்திய காற்று வெளிக்கிடுகிற சத்தம். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. நல்ல காலம், வேலையால் நிற்பாட்டவில்லை.

அருந்ததிக்கு ஊதா மைப் பேனை ஒன்று அனுப்புகிறேன். வழக்கம்போல உமது கடிதத்தின் அடியில் அவளும் ஒரு வரி எழுதவேண்டும். அந்த வரியைத்தான் நான் முதலில் வாசிப்பது, கோபிக்க வேண்டாம்.

உமது
பரமலிங்கம்

*

சிவமயம்

இணுவில்
12.02.1992

அருந்ததியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதமும் பேனையும் நேற்றுத்தான் கிடைத்தன. இங்கே மண்ணெண்ணெய் இல்லாமல் வாட்டர் பம்ப் மூலையில் கிடக்கிறது. திரும்பவும் துலா கட்டித்தான் வெங்காயத்துக்கு இறைக்கிறோம். ஜாம் போத்தல் விளக்கில் எழுதுகிறேன், தாளில் புகை பிடித்திருந்தால் குறை சொல்ல வேண்டாம்.

நீங்கள் அங்கே ஐஸோடு மல்லுக்கட்டுகிறீர்கள். இங்கே ஐஸைக் கண்ணால் கண்டு ஒன்றரை வருடம். மருதனார்மடச் சந்தையில் மீன் விற்கிற செபஸ்தியம்மா, பத்து மணி தாண்டினால் மீனை மணந்து பார்க்க விடமாட்டாள். ஐந்து வருடமாக நீங்கள் கடிதத்தில்தான் குடும்பம் நடத்துகிறீர்கள் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பிள்ளை முந்திப்போலக் கலகலப்பாய் இல்லை. கூடப் படித்த ஒருத்தி இயக்கத்துக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள். நீங்கள் கேட்டால் சொல்லுவாள். கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு
ஞானாம்பிகை

அப்பா, ஐஸ் செதுக்கிப் பேச்சு வாங்கிறதுக்கு டென்மார்க் வரைக்கும் போகவேணுமே? உந்தச் சத்தத்தை எனக்கும் கேக்கவேணும். ஒரு துண்டு பார்சலிலை அனுப்புங்கோ, கரைஞ்சாலும் பரவாயில்லை. — அருந்ததி

*

கோபன்ஹேகன்
05.09.1993

அன்புள்ள ஞானம்,

இரண்டு சங்கதி. சின்னதை முதலில் சொல்கிறேன். போன வருடம் கோடையில் கிறீன்லாந்தில் அடிப்பாறை வரைக்கும் துளைத்துவிட்டார்கள், மூன்று கிலோமீற்றர். அதில் லட்சம் வருடத்துக்கு மேலான பனி என் கையால் அறுபட்டது. பழைய குளிர்காலம் முடிந்து உலகம் சூடாக ஆயிரக்கணக்கான வருடம் எடுத்திருக்கும் என்றுதான் இவர்கள் நினைத்திருந்தார்கள். பனியில் பார்த்தால் சில தடவை இருபது, முப்பது வருடத்துக்குள் மாறியிருக்கிறதாம். ஒரு ஆளின் வாழ்நாளுக்குள் உலகம் வேறாகிவிட்டது. அது எங்களுக்குப் புதினமா? சொல்லும்.

இன்னொன்று பெரியவர் விளங்கப்படுத்தினார். பனி கல்லாக இறுகும்வரை மேற்காற்று அதுக்குள் போய்வந்துகொண்டே இருக்கும். கடைசியாகத்தான் குமிழி மூடுபடும். ஆகவே உள்ளே இருக்கிற காற்று, சுற்றியிருக்கிற ஐஸைவிட இளையது. ஒரே துண்டுக்குள் இரண்டு வயது.

பெரிய சங்கதி: உங்கள் இரண்டு பேரையும் இங்கே கூப்பிட அனுமதி வந்துவிட்டது. பிள்ளையின் இப்போதைய படமும் கையெழுத்தும் வேண்டும். கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்கு வருகிற யாரிடமாவது உடனே கொடுத்துவிடும். பிள்ளை ஏன் இப்போதெல்லாம் என்னைப் பகிடி பண்ணுகிறாளில்லை?

உமது
பரமலிங்கம்

*

சிவமயம்

இணுவில்
20.12.1993

அருந்ததியின் அப்பாவுக்கு,

அனுமதி கிடைத்தது சந்தோஷம். ஆனால் இப்போது வர ஏலாது. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருகிறது. படம் எடுக்கவும் வசதி இல்லை. பேனைக்குத் தட்டுப்பாடு என்பதால் பென்சிலால் எழுதுகிறேன். எனக்குக் கொஞ்சம் காய்ச்சல், வேறொன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைக் கொழும்புக்குப் போகிற தம்பிஐயா மாஸ்டரிடம் கொடுத்துவிடுகிறேன். எங்களை நினைத்துக் கவலைப்பட வேண்டாம், உங்கள் உடம்பைப் பாருங்கள்.

இப்படிக்கு
ஞானாம்பிகை

அப்பா, நான் சுகம். படிப்பு நடக்குது. நேரத்துக்குச் சாப்பிடுங்கோ. — அருந்ததி

*

கோபன்ஹேகன்
14.08.1994

ஞானம்,

இன்று ஞாயிற்றுக்கிழமை உமது கடிதங்கள் முழுவதையும் மேசையில் திகதிப்படி அடுக்கினேன். மூன்று வருடமாக எது மேலே, எது கீழே, எது முந்தியது என்று பார்ப்பதுதான் என் தொழில். என்னிடம் மறைக்கலாம் என்று நினைத்தீரோ?

1992 ஆனிக்குப் பிறகு வந்த பதினொரு கடிதத்திலும் பிள்ளையின் வரி ஒரே ஊதா மை. கையெழுத்தின் சரிவும் ஒன்று, ஒரே இருப்பில் எழுதியதுபோல. நான் கேட்டது ஒன்றுக்கும் அதில் மறுமொழி இல்லை. மார்கழிக் கடிதத்தில் உமக்கு இடம் போதாமல் உமது கையெழுத்து அவளுடைய வரியில் முட்டுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பென்சில் கோடு ஊதா மையின் மேலே ஏறியிருக்கிறது. அவள் எழுதிய பிறகுதான் நீர் எழுதியிருக்கிறீர். ஐஸில் உள்ளே இருப்பது இளையது. உமது கடிதத்தில் உள்ளே இருக்கிற பிள்ளையின் வரி மூத்தது.

எனக்குக் கோபம்தான், மறைக்கமாட்டேன். பிள்ளை எங்கே? அதை மட்டும் எழுதும். அவளைக் கேட்டு எழுதச் சொல்லி நீர் ஒருமுறை எழுதினீர், நான் கேட்கவில்லை. ஐஸைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். அதுவும் எனக்குத் தெரியும்.

பரமலிங்கம்

*

சிவமயம்

கொடிகாமம்
18.11.1995

அருந்ததியின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்டு ஒன்றேகால் வருடம். எத்தனையோ தரம் எழுதத் தொடங்கிக் கிழித்தேன்.

பிள்ளை 1992 ஆறாம் மாதம் பதினாலாம் திகதி இயக்கத்துக்குப் போனாள். முதல்நாள் பின்னேரம் பன்னிரண்டு தாளில் அடிவரி எழுதிவைத்தாள். "அம்மா, இதுகளை ஒவ்வொண்டாய் அனுப்புங்கோ. அப்பா அங்கை தனியாள். அறிஞ்சால் விழுந்துபோவார். இந்தத் தாளுகள் முடியிறதுக்குள்ளை நான் வந்திடுவன்" என்றாள். அன்றிரவே போவாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. விடிய எழும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. அந்தப் பேனையையும் கொண்டுபோய்விட்டாள்.

1993 ஐப்பசியில் பெட்டியில்தான் வந்தாள். இயக்கம் வைத்த வேறு பெயரில் நோட்டீஸ் ஒட்டினார்கள், அதனால்தான் உங்கள் காதுக்கு எட்டவில்லை. புதைத்துப் பன்னிரண்டாம் நாள், அனுமதி கிடைத்தது என்ற உங்கள் கடிதம் வந்தது. அதற்கு என்ன மறுமொழி எழுதுவேன்? தாள்கள் இருந்தன. அவளுடைய எழுத்துக்கு மேலே எழுதும்போது அவள் உயிரோடு இருப்பதுபோல இருந்தது. உங்களுக்காக என்று சொல்லிக்கொண்டு எனக்காகத்தான் எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கோப்பாயில் புதைத்தார்கள். கிழமைக்கு ஒருதரம் சைக்கிளில் போய் இருந்துவிட்டு வருவேன். அவளை விட்டுவிட்டு உங்களிடம் எப்படி வருவது? போன மாதக் கடைசியில் ஆமி வருகிறதென்று ஊர் முழுக்கக் கிளம்பிற்று. மழைக்குள், நாவற்குழிப் பாலத்தில், அடி அடியாய் நகர்ந்து வந்தோம். எங்கடை முறைப்படி எரித்திருந்தால் ஒரு பிடி சாம்பலாவது கையில் இருந்திருக்கும். உங்கள் கடிதங்களும் அவளுடைய கடைசித் தாளும்தான் கொண்டுவந்தேன்.

இதோடு வைத்திருப்பதுதான் அந்தப் பன்னிரண்டாவது தாள். மற்றவை மாதிரி இல்லை, அதனால்தான் அனுப்பாமல் வைத்திருந்தேன். அதில் நான் ஒன்றும் எழுதவில்லை. இனி என்னைக் கூப்பிடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

இப்படிக்கு
ஞானாம்பிகை

*

13.06.1992

அப்பா, இந்தத் தாள் உங்களுக்கு வந்தால் எல்லாம் தெரிஞ்சிருக்கும். அம்மாவைப் பேசாதேங்கோ, நான்தான் அனுப்பச் சொன்னனான். அவவைத் தனிய விடாமல் கூப்பிடுங்கோ. எழுதி எழுதிக் கை உளையுது. அந்த வெள்ளை ஐஸிலை ஒரு துண்டைத் தண்ணியிலை போட்டு, ரெண்டு பேருமாய் இருந்து கேளுங்கோ.

— அருந்ததி