பதினேழாம் எண் ஜாடி

டிசம்பர் 2, செவ்வாய்
பிஸ்கட் ஆலையில் இன்று பதினோரு மாதிரிகளை ருசி பார்த்தேன். எட்டைத் திருப்பி அனுப்பினேன். மேற்பார்வையாளர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். குறை சொல்லத்தான் எனக்குச் சம்பளம். அந்த வாயை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர முடிந்தால் நன்றாக இருக்கும். இரண்டு வருஷம் முன்னால், அக்கா வீட்டு வருஷக் கடைசி விருந்தில், எல்லோர் முன்னாலும் அவள் கேக்கை "நடுவுல வேகலை" என்றேன். அதோடு விருந்தும் நின்றது, எங்கள் பேச்சும் நின்றது.

டிசம்பர் 5, வெள்ளி
சந்தைச் சங்கத்தின் ஆரஞ்சு ஜாம் போட்டிக்கு மூன்று நடுவர்களில் ஒருத்தியாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். இருபத்திரண்டு ஜாடிகள். பெயர் கிடையாது, எண் மட்டும். சரி என்றேன்.

டிசம்பர் 10, புதன்
பதினேழாவது ஜாடி. நாக்கில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. தோலைத் தீக்குச்சி மாதிரி நறுக்கி, பாகில் மிளகைத் தட்டிப் போடுகிறவள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். அக்கா. நான் நடுவர் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.
கசப்பு தூக்கல். பாகு ஒரு கொதி அதிகம். பத்துக்கு ஏழு. ஏழுதான். ஆனால் பேனா ஒன்பது என்று எழுதிவிட்டது.
பேனாவா எழுதியது?

டிசம்பர் 11
காலையில் ரொட்டியைக் கருக்கினேன். இரண்டு தடவை.

டிசம்பர் 12, வெள்ளி
ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மற்ற இருபத்தோரு பேரும் அடுப்பு முன்னால் நின்று கை வலிக்கக் கிண்டியவர்கள்தானே? அக்காவிடம் மன்னிப்புக் கேட்கத் துப்பில்லை, மார்க் போட மட்டும் தெரியுதா எனக்கு?
கணவரிடம் சொன்னேன். "ரெண்டு மார்க்தானே, விடேன்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ விடமாட்டே. அப்புறம் என்னை எதுக்குக் கேக்கறே?" என்றார்.

டிசம்பர் 13, சனி
சங்கச் செயலாளரைப் பார்த்து உண்மையைச் சொன்னேன். காகிதத்தைப் புரட்டினார். "பதினேழுதாம்மா முதல் பரிசு. உங்க மார்க்கை எடுத்தா ரெண்டாவதுக்கு இறங்கிடும். யோசிச்சுக்குங்க."
மூன்று நாளாக வேறென்ன செய்கிறேன்?
"எடுத்துடுங்க" என்றேன். வெளியே வந்து சந்தையை மூன்று சுற்று சுற்றினேன். ஒன்றும் வாங்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு
அக்கா மேடையேறி இரண்டாம் பரிசு வாங்கினாள். என் பக்கம் திரும்பவில்லை. மாலையில் நானே போன் செய்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.
"அப்ப முதல் பரிசு எனக்கு வந்ததா? நீயே போய்ப் பிடுங்கிட்டியா?"
"நான் போட்ட மார்க் பொய்க்கா."
"உன் பரிதாபம் யாருக்கு வேணும்?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. "சரி, நிஜமா எவ்வளவு?"
"ஏழு."
"ஏழா!" வைத்துவிட்டாள்.
ஐயோ, எட்டுன்னாவது சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா! என்ன வாய்டி இது உனக்கு?

டிசம்பர் 16
போன் இல்லை.

டிசம்பர் 18
இன்றும் இல்லை. ஆலையில் எல்லா மாதிரிகளையும் 'சரி' என்று அனுப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் பயந்துபோய், "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார். திரும்ப எடுத்துவரச் சொல்லி முதலிலிருந்து பார்த்தேன்.

டிசம்பர் 20, சனி
அக்கா! எடுத்ததும் சொன்னாள்: "மீதி இருந்த ஜாடியைத் திறந்து சாப்பிட்டுப் பார்த்தேன். கொதி ஜாஸ்திதான்."
"ஏழரைன்னு வெச்சுக்கலாம்க்கா."
"வேணாம் தாயே. ரெண்டு வருஷமா நம்மளைப் பிடிச்சிருக்கிற ஏழரையே போதும்."
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. "கேக்கைப் பத்தி அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சினாள். "முப்பத்தொண்ணு காலையிலேயே வந்துடு. காய் நறுக்க ஆள் இல்லை."

ஜனவரி 1, வியாழன்
நேற்று அக்கா வீட்டில் பதினாறு பேர். கூடத்தில் நாற்காலி போதாமல் பிள்ளைகளைத் தரையில் உட்கார வைத்தோம். கடைசிப் பாத்திரத்தை இறக்கியதும், அடியில் ஒட்டியிருந்த முறுகலை அக்கா சுரண்டி எடுத்தாள். பாதியை என் வாயில் திணித்தாள், பாதியைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு சுட்டது. கூடத்திலிருந்து என் கணவர், "சாப்பாடு வருமா வராதா?" என்று கத்தினார்.
"இதோ வந்தாச்சு!" என்று அக்கா வாய் நிறைய வைத்துக்கொண்டு குரல் கொடுத்தாள். நகரவில்லை. நானும்தான்.