நான் போடாத சத்தம்

ஐப்பசி 3, வெள்ளி

மூக்கு நுனி தெரியாத பனி. சாமை முத்திப்போச்சு. நேற்று நிலத்தில் இறங்கிய பன்றிகள் நாற்பதாயிரம். (அண்ணன் கணக்கு: நாலு.)

சாயங்காலம் போனில் ஒரு கொலைப்படம். ஓர் அப்பன், ஒரு மகள். விறுவிறுப்பான இடத்தில் அண்ணன் மகள் கீதா மோட்டார் கொட்டகையிலிருந்து போன் போட்டாள். "சித்தப்பா, மோட்டார் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. கூவிட்டியா? கம்பிக்குக் கரண்ட் வுடட்டா?"

பன்றிக்குக் கட்டிய கம்பியில் கரண்ட் விடுமுன் பாறைமேல் ஏறி மூன்று தரம் கூவணும், அக்கம்பக்கம் ஒதுங்க. இந்த ராஜத் தொண்டைக்குத்தான் அந்த உத்தியோகம்.

"கூவிட்டேம்மா. போட்ட சத்தத்துல செங்கம் டவுன் காக்காயெல்லாம் பறந்துச்சு." படுத்தபடியே.

பிறகு படம் முடியுமுன் மகாராஜா தூங்கிவிட்டார். சாப்பிடும்போது படக்கதை சொன்னேன். முடிவு மட்டும் சொந்தச் சரக்கு: மகள் செய்த கொலையை அப்பன் ஏற்று ஜெயிலுக்குப் போறான். அண்ணி அழுகை.

ஐப்பசி 4, சனி

எழுத்து கோணல்.

விடியலில் மாடு தேடி வந்த பக்கத்து நிலத்து சின்னதம்பி கம்பியை மிதிச்சுட்டான். மூச்சு இருக்கு, நினைவில்லை. 108-ல் போளூர், அங்கிருந்து வேலூர். அவன் பொண்டாட்டி: "கூவியிருந்தா எங்கூட்டு ஆளு அந்தப் பக்கம் போவுமா?"

கீதா என்னிடம்: "நீ கூவினதானே?"

"கூவினேன்."

ஏழு புலியை முறைத்தவன் நான். இன்று சோறு இறங்கல. ஜீப் சத்தம் கேட்டால் போலீஸோன்னு கொல்லைப்பக்கம் போயிடறேன்.

அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சுவிட்ச் போட்டது நான்னு ஸ்டேஷன்ல சொல்லப்போறேன். படத்துல அந்த அப்பன் போலீஸ்கிட்ட இன்னா சொன்னான்? இன்னொரு தரம் சொல்லு."

ஐப்பசி 5, ஞாயிறு

தூறல். சின்னதம்பி இன்னும் கண் திறக்கல.

அண்ணன் ஷேவ் பண்ணி, வெள்ளை வேட்டி கட்டி, என் வசனத்தை முணுமுணுக்கிறான்.

"ண்ணா, அந்த முடிவு நான் வுட்டது. பாதியில தூங்கிட்டேன்."

"நெஜமா இன்னா ஆச்சு?"

"தெரியாது."

"பரவால்ல. நீ சொன்னதே சரியா இருக்குது."

வாசலில் கீதா அப்பனிடம்: "வாணாம் நைனா, வாணாம்."

சொல்லிவிட்டேன். "அன்னிக்கி நான் கூவவே இல்ல."

கீதா கண்ணைத் துடைத்தாள். "எனக்காகக் கதை வுடாத, சித்தப்பா."

"உன் புளுகுக்கு இதாடா நேரம்?" என்றான் அண்ணன். செருப்பு மாட்டிக் கிளம்பிவிட்டான்.

பஸ் ஆரன் அடிக்குது. நானும் போறேன். சட்டைப் பட்டனை வழியில் போட்டுக்கறேன். போலீஸ்காரராவது நம்பணும்