கடைசி ஆட்டமும் கோடைப் பாடமும்

அமனவே தீவுக் கிராமம்,
மே மாதம், ஞாயிறு விருந்து செரித்துக்கொண்டிருக்கும் வேளை

அன்பு மகள் சியெனிக்கு,

கடலலைகளை முறைத்தே திருப்பி அனுப்புகிறவனும், வரும் ஜூலையில் நம் குடும்பத் தலைவனாகப் பட்டமேற்கப் போகிறவனுமாகிய உன் பெரியப்பா எழுதுவது. இங்கே யாவரும் சுகம். பட்ட விழாவுக்கென்று ஒதுக்கிய பன்றிகளுக்கு மட்டும் மனசு சரியில்லை, விஷயம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நீயும் கடல் தாண்டி டகோமாவில் சுகமாக, முக்கியமாக வயிறு நிறைய, இருக்கிறாய் என்று நம்புகிறேன். டப்பா நூடுல்ஸைச் சாப்பாடு என்று என்னிடம் சொல்லாதே, சேப்பங்கிழங்கு விற்கும் நம்மவர் கடை அங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

உன் கடிதம் வந்தது. பெரிய பல்கலைக்கழகம் உன்னை மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்ளத் தயார், ஆனால் மின்சார சர்க்யூட் பாடம் ஒன்றை ஆகஸ்டுக்குள் தேறிக் காட்ட வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். உன் இரண்டாண்டுக் கல்லூரியில் அந்தப் பாடம் கோடையில் மட்டும்தான் உண்டு. என் விழாவும் அதே கோடையில்தான். அதனால், “பாடத்தை அடுத்த வருஷம் பாத்துக்கறேன் பெரியப்பா, நான் வந்து கடைசி ஆட்டம் ஆடறேன்” என்று எழுதிவிட்டாய். படித்துவிட்டு நான் அழுத அழுகையில் ஊர் ஓடை கரைபுரண்டு பஸ் நின்றுபோயிற்று. பிறகு மூக்கைச் சிந்திவிட்டு யோசித்தேன்.

இங்கே உன் பெருமை பரவியிருக்கிற அழகைக் கேள். பாதிரியாரின் தங்கை கோயில் வாசலில் என்னை நிறுத்தி, “ஏன் இயோசுவா, நாலு வருஷம் படிக்கத் தெம்பில்லாதவங்களுக்குத்தானே ரெண்டு வருஷக் காலேஜ்?” என்றாள். “மத்த பிள்ளைங்க வாசல் வழியா நுழையறாங்க, எங்க பொண்ணு ஏணி போட்டு நேரா மாடியில ஏறுறா. படிச்சு முடிச்சான்னா மின்னலை நிறுத்தி வச்சு, எங்கடா போறேன்னு கேப்பா” என்றேன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ஊரில் செத்த மின்விசிறி, ரைஸ் குக்கர் எல்லாம் என் முன்னறைக்கு வந்து படுத்துக்கொண்டன. எனக்குக் கால் நீட்ட இடமில்லை.

போன வாரச் சனிக்கிழமை குடும்பம் கூடியபோது, சியெனி வரப்போவதில்லை, அங்கேயே இருந்து படிக்கட்டும் என்றேன். உன் சலஃபாய் அத்தை நிமிர்ந்தாள். பட்ட விஷயத்தில் தம்பி எத்தனை பெரிய பீரங்கியானாலும் அக்கா வேண்டாமென்றால் வேண்டாம்தான், உனக்குத் தெரியாததா. “புதுத் தலைவனோட பொண்ணு ஆடாம எந்த விழாடா முடிஞ்சிருக்கு? கடைசி ஆட்டம் இல்லேன்னா பட்டமும் இல்ல” என்றாள். நான் விடுவேனா, நீ போனில் சொல்லித்தந்த சர்க்யூட்டைச் சபைக்கு விளக்கினேன். நம் வீட்டுச் சீர்ப்பாய் கல்யாணத்துக்குப் போய், சாவுக்குப் போய், வீடு வீடாகச் சுற்றி மறுபடி நம் கூரைக்கே வருகிறதே, மின்சாரமும் அப்படித்தான், நடுவில் ஒரு வீடு விட்டுப்போனால் பாய் யாருக்கும் வராது என்றேன். அத்தை சிரித்தாள். “அப்படிச் சொல்லுடா. அந்த விட்டுப்போற வீடுதான் உன் பொண்ணு.” ஏழு தீவுகளைப் பேசியே மடக்கிய எனக்கு, வாயில் சுடச்சுட ஈரப்பலாக்காயை அடைத்தது போலாயிற்று.

வேறு வழியில்லாமல், “அப்போ நானே ஆடறேன் அக்கா” என்று எழுந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். தூண்கள் முனகின. பெரியவர்கள் கண்ணை மூடி ஜெபித்தார்கள். “உக்காருடா, வீடு போயிரும்!” என்றாள் அத்தை. உட்கார்ந்துகொண்டே மெதுவாகக் கேட்டேன்: ஆடுகிறவள் தலைவன் வீட்டுப் பெண்ணாக இருக்க வேண்டும், கல்யாணம் ஆகாதவளாக இருக்க வேண்டும், சரி, வயதுக்கு ஏதாவது விதி உண்டா? எல்லாத் தலைகளும் மெல்லத் திரும்பின, அறுபது தாண்டியும் எந்த ஆண்பிள்ளையையும் தனக்குத் தகுதியானவன் என்று ஒத்துக்கொள்ளாத உன் அத்தையின் பக்கம். “வெக்கங்கெட்டவனே!” என்று கையிலிருந்த விசிறியை என் மண்டைமேல் எறிந்தாள். முடியாது என்று மட்டும் சொல்லவில்லை, கவனித்துக்கொள்.

இப்போது சமையல் கொட்டகைக்குப் பின்னால், தலையில் ஆட்டக்காரியின் கிரீடத்துக்குப் பதிலாகப் பானையைக் கவிழ்த்துக்கொண்டு உன் அத்தையின் ஒத்திகை நடக்கிறது. யாராவது வந்தால் தரை பெருக்குவதாகப் பாவனை. நேற்று கேலி செய்யலாமென்று எட்டிப் பார்த்தேன். அவள் கைகள் திரும்புவதைப் பார்த்துவிட்டு, இருமாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகவே மகளே, நீ வரக்கூடாது. வாங்கிய விமானச் சீட்டைத் திருப்பிக் கொடு. வகுப்பில் முன்வரிசையில் உட்கார், புரியாததை வாத்தியாரிடம் எழுந்து கேள். பெரியவர்களைக் கேள்வி கேட்காதே என்று நான் வளர்த்ததெல்லாம் இந்தத் தீவோடு சரி. ஆண்டவர் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். ஞாயிறு ஆராதனையை விடாதே, பாட வராவிட்டாலும் வாயையாவது அசை.

அத்தை ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்கிறாள், அப்படியே எழுதுகிறேன்: “இந்த ஒரு தடவைதான்டி உனக்காக ஆடறேன். பாடத்துல கோட்டை விட்டுட்டு வந்து நின்னியோ, அந்தக் கிரீடத்தை உன் தலையில ஆணியடிச்சு மாட்டிருவேன்.”

உன்னை மண்டை நிறைய நினைத்துக்கொண்டிருக்கும்,
(மண்டை இன்னும் சற்று வீங்கியிருக்கிறது)
பெரியப்பா இயோசுவா